கழற்றிய இடத்தில்தான் கோளாறு: பழைய ஹோண்டா சிபி350-ஐ கஃபே ரேசர் ஆக்கும்போது வரும் தொல்லைகள்

என்னிடம் இருப்பது 1972 மாடல் ஹோண்டா சிபி350. இரண்டு சிலிண்டர், 325 சிசி, 10,500 ஆர்பிஎம்மில் 36 குதிரைத்திறன். இப்போது இந்தியாவில் அதே பெயரில் ஓடும் ஒற்றை சிலிண்டர் வண்டி வேறு, இது வேறு. 1968 முதல் 1973 வரை வந்த இந்தப் பழைய வண்டி அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றது. அதனால் உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது, முதல் கஃபே ரேசர் (தாழ்ந்த ஹேண்டில், ஒற்றை சீட் என்று ரேஸ் வண்டி பாணியில் மாற்றிய வண்டி) கட்ட நினைப்பவர்கள் பலரும் இதில்தான் கை வைக்கிறார்கள்.

நான் கட்டி முடித்த முதல் மாதத்தில் வண்டி ஏழெட்டு விதமாகத் தொல்லை கொடுத்தது. ஒவ்வொன்றாகத் தேடிப் போனதில், ஐம்பது வருஷப் பழமையால் வந்தது ஒன்றிரண்டுதான் என்று தெரிந்தது. மற்றதெல்லாம் நான் கழற்றியதாலும் மாற்றியதாலும் வந்தவை. ஆகவே கீழே எந்தத் தொல்லையைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அந்த இடத்தில் கடைசியாக எதைக் கழற்றினேன், அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது?

வண்டியை இன்னும் பிரிக்கவில்லை என்றால், கம்பெனி கொடுத்தபடியே முதலில் ஓடவைத்து நூறு கிலோமீட்டராவது ஓட்டிவிடுங்கள். ஏற்கெனவே பிரித்துவிட்டீர்களா? சரி, கழற்றிய எதையும் விற்காதீர்கள். ஏர் பாக்ஸ் (ஏர் ஃபில்டர் டப்பா), பழைய ஹேண்டில்பார் சுவிட்ச், சைலன்சர் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கட்டும். திரும்பப் பொருத்திப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

கருவியில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியின் இன்ஜின் மூடிகளில் இருக்கும் நட்சத்திரத் திருகுகள் ஜப்பானிய அளவு, அதாவது ஜேஐஎஸ். சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவரைப் போட்டு முறுக்கினால் நழுவி, தலையை வழித்துவிடும். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். அதோடு ஒரு மல்டிமீட்டர், ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்).

சாவி போட்டால் செத்த மாதிரி கிடக்கிறது. அல்லது லைட் மங்கலாக எரிகிறது, ஸ்டார்ட்டர் 'டிக்' என்று மட்டும் சொல்கிறது

பேட்டரி, பியூஸ் இரண்டையும் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது என்றால் நேராக எர்த்துக்குப் போங்கள். புதிதாகக் கட்டிய வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

பழைய ஃபிரேமில் இன்ஜின் போல்ட், பேட்டரி எர்த் வயர், காயில் (ஸ்பார்க்குக்கு வோல்ட் ஏற்றும் சுருள்) தாங்கி எல்லாம் வெறும் இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. நாம் ஃபிரேமை மணல் அடித்து, பவுடர் கோட்டிங் போட்டுப் பளபளவென்று கொண்டுவந்துவிட்டோம். அந்தப் பூச்சு மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக். போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அடியில் பூச்சு இருந்தால் கரண்ட் திரும்பி வர வழியில்லை.

சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் மைனஸ் முனையில், இன்னொன்று இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு இடத்தில். இப்போது ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அங்கேதான்.

நான் இது தெரியாமல் இரண்டு மாலை வேளைகளைச் செலவழித்து, நன்றாக இருந்த காயிலையும் மாற்றினேன். மூன்றாம் நாள் எர்த் போல்ட்டைக் கழற்றி, துளையைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கத்தியால் சுரண்டினேன். கறுப்புப் பூச்சு சுருள் சுருளாக வந்தது. அடியில் வெள்ளையாக இரும்பு தெரிந்ததும் பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். சாவி போட்டதும் நியூட்ரல் விளக்கு பச்சையாகப் பளிச்சென்று எரிந்தது. அந்தப் பச்சை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தனியாக ஒரு தடித்த வயரும் இழுத்துவிடுங்கள். பிறகு ஃபிரேமை நம்ப வேண்டியதே இல்லை.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, சிலிண்டர் தலையில் ஒட்டி வைத்துச் சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது, பிளக் துளைக்கு நேராகவும் வைக்காதீர்கள். ஸ்பார்க் நீலமாக, சடசடவென்று வர வேண்டும்.

இரண்டு பக்கமும் ஸ்பார்க் இல்லையென்றால், ஹேண்டில்பாரை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். காயிலுக்குப் போகும் 12 வோல்ட், வலது பக்கச் சுவிட்சில் இருக்கும் கில் சுவிட்ச் (இன்ஜினை உடனே நிறுத்தும் பொத்தான்) வழியாகத்தான் போகிறது. கிளிப்-ஆன் (ஃபோர்க்கில் நேராக மாட்டும் தாழ்ந்த ஹேண்டில்) போடும்போது பெரிய சுவிட்சைத் தூக்கிவிட்டு, அந்த இரண்டு வயரையும் சேர்க்காமல் விட்டிருப்போம். சாவி போட்டு, காயிலின் உள்ளே வரும் வயரில் வோல்ட் பாருங்கள். பேட்டரி வோல்ட் அங்கே வரவில்லை என்றால் காயில், பாயிண்ட் (ஸ்பார்க் நேரத்தில் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) எதையும் தொட வேண்டாம். வயரைத் தேடுங்கள். தேடிச் சேர்க்கும்போது ஒரு சின்ன கில் சுவிட்சும் வைத்துவிடுங்கள். ஆக்சிலேட்டர் மாட்டிக்கொள்ளும் நாளில் அது தேவைப்படும்.

ஒரு பக்கம் மட்டும் இல்லையென்றால் பாயிண்ட்டுக்கு வாருங்கள். இந்த வண்டியில் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி பாயிண்ட், தனித்தனி காயில். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். புதுப் பாயிண்ட்டின் முகத்தில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி அனுப்புவார்கள். ஒரு சுத்தமான அட்டைத் துண்டை நடுவில் வைத்து இழுத்தால் கறுப்பாக வரும். அது வெள்ளையாக வரும்வரை இழுங்கள். டைமிங்கையும் (ஸ்பார்க் வரும் நேரம்) இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று சரியென்றால் மற்றதும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்பார்க் நன்றாக இருந்து பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரமாக இருந்தால் மிதவைக் கிண்ணம் நிரம்பி வழிகிறது, அல்லது சோக் மூடியே இருக்கிறது.

ஐடிலில் நன்றாக நிற்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் திணறி, 'புஸ்' என்று மடிந்துவிடுகிறது

ஏர் பாக்ஸைத் தூக்கிவிட்டு, கார்புரேட்டரின் பின்னால் கூம்பு வடிவப் பாட் ஃபில்டர் மாட்டியிருக்கிறீர்கள். சரிதானே?

சிபி350-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஏர் ஃபில்டர், இரண்டு பக்க மூடிகளுக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் சீட்டுக்குக் கீழே அந்த முக்கோணம் காலியாகி, வண்டிக்குள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்க வெளிச்சம் தெரியும். பார்க்க அழகுதான், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் இதில் இருப்பது கெய்ஹின் சிவி கார்புரேட்டர். உங்கள் கை திருகுவது பட்டாம்பூச்சித் தகடை மட்டும்தான். ஸ்லைடை மேலே தூக்குவது ஒரு ரப்பர் டயாஃப்ரம், அதைத் தூக்குவது காற்றின் அழுத்த வித்தியாசம். ஏர் பாக்ஸ் தூசியை வடிகட்டியதோடு, கார்புரேட்டருக்கு அலையில்லாத, அமைதியான காற்றையும் கொடுத்துக்கொண்டிருந்தது. அது போனதும் ஸ்லைடு எப்போது ஏற வேண்டும் என்று தெரியாமல் தடுமாறுகிறது.

இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பாட் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய துளையின் விளிம்பில் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் இருக்கும். ஜெட்டுகளுக்கும் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சின்னத் துளைத் திருகுகள்) டயாஃப்ரத்தின் அடிப்பக்கத்துக்கும் காற்று போகும் வழிகள் அவை. இப்போது ஃபில்டரின் உள்ளே பாருங்கள். மலிவான ஃபில்டர்களில் ரப்பர் உதடு உள்ளே துருத்திக்கொண்டு, மாட்டியதும் அந்தத் துளைகளை அப்படியே மூடிவிடும். எந்த ஜெட் போட்டாலும் அந்த வண்டி ஓடாது. உதட்டைச் சீவி எடுங்கள், அல்லது உதடில்லாத ஃபில்டர் வாங்குங்கள்.

அடுத்தது டயாஃப்ரம். மேல் மூடியைத் திறந்து, ரப்பரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஊசித் துளை ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கம் ஸ்லைடு முழுதாக ஏறாது. கார்புரேட்டர் கிளீனரை இதன் மேல் அடித்துவிடாதீர்கள். ரப்பர் ஊதிப் பெருத்து, பிறகு பள்ளத்தில் உட்காராது.

மூன்றாவதுதான் ஜெட். திணறும் இடத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். இழுவை தேறினால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம். எந்த இடத்தில் திணறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டால் ஊகிக்க வேண்டியதில்லை. ஆரம்பத்தில் திணறினால் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும், நடுவில் என்றால் ஊசி, முக்காலுக்கு மேல் என்றால் மெயின் ஜெட். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே மாதிரி. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் சூடேறுகிறது, அப்படியே வேகமாக ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் உறுதியான யோசனை: முதல் வண்டியில் ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டிவிடுங்கள். நான் ஆறு வாரம் ஜெட் மாற்றி, கடைசியில் மாட்டினேன். பழைய ஜெட்டுகளோடு, 4,000 ஆர்பிஎம்மில் இருந்த திணறல் அன்றைக்கே போனது. பக்க மூடிகளைக் கறுப்படித்தால் தூரத்திலிருந்து பார்ப்பவர் யாரும் குறை சொல்ல மாட்டார்.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் ரேஸாகிக்கொண்டே இருக்கிறது

இன்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. ஹேண்டில் கீழே போனதால் பழைய கேபிள் நீளமாகி, வளைத்து மடித்து டேங்குக்கு அடியில் திணித்திருப்போம். வளைவில் திரும்பும்போது தானாக ஆக்சிலேட்டர் ஏறுவது உயிருக்கு ஆபத்து. இதைச் சரிசெய்யாமல் தெருவுக்கு எடுக்காதீர்கள். அளவெடுத்துக் குட்டையான கேபிள் போடுங்கள்.

ஹேண்டிலைத் திருப்பியும் மாறவில்லை என்றால், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பரில் காற்று புகுகிறது. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை அந்த இணைப்பில் பீய்ச்சுங்கள். இன்ஜின் சத்தம் மாறும் இடத்தில் விரிசல் இருக்கிறது.

பத்து நிமிடம் நன்றாக ஓடி, பெட்ரோல் தீர்ந்த மாதிரி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது

நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குப் பெயின்ட் அடித்தபோது மூடிக்கும் சேர்த்து அடித்திருப்பார்கள். சத்தம் வரவில்லை என்றால் பெட்ரோல் காக்கின் உள்ளே இருக்கும் வலையைப் பாருங்கள், டேங்க் துரு அங்கேதான் சேரும்.

இரண்டு மூன்று ஓட்டத்தில் பேட்டரி இறங்கிவிடுகிறது

பேட்டரி நல்லதாக இருந்து, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிறதா? இன்ஜினை 4,000 ஆர்பிஎம்மில் வைத்துப் பாருங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் வர வேண்டும்.

ஏறவே இல்லை என்றால், மறுபடியும் ஹேண்டில்பார் சுவிட்ச்தான். இந்த ஹோண்டாவில் சார்ஜிங் சுருளிலிருந்து மூன்று வயர் வெளியே வருகிறது. பகலில் இரண்டு மட்டும் வேலை செய்யும். ஹெட்லைட்டைப் போடும்போது மூன்றாவது வயரை அந்தச் சுவிட்சே இணைத்து, கூடுதல் கரண்டைக் கொடுக்கும். புதுச் சின்ன சுவிட்சில் அந்த வேலை கிடையாது. அதனால் லைட் எரிகிறது, அதற்கான கரண்ட் மட்டும் வருவதில்லை. மூன்றாவது வயரை நிரந்தரமாகச் சேர்த்துவிடலாம். ஆனால் அதோடு பழைய ரெக்டிஃபயரை எடுத்துவிட்டு, எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர் (கரண்டை டிசியாக்கி, வோல்ட்டையும் கட்டுக்குள் வைப்பது) ஒன்று போட்டாக வேண்டும். இல்லையென்றால் பகலில் சார்ஜ் அதிகமாகி பேட்டரி கொதிக்கும்.

சீட்டின் கூம்புக்குள் ஒளித்துவைக்கச் சின்ன லித்தியம் பேட்டரி வாங்கியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 15 வோல்ட்டைத் தொட்டால் அது கெட்டுப்போவது மட்டுமல்ல, தீப்பிடிக்கவும் கூடும். நீங்கள் உட்காரும் இடத்துக்கு அடியில் இருப்பது அது.

எல்இடி இண்டிகேட்டர் படபடவென்று அடித்தால் எலக்ட்ரானிக் ஃபிளாஷர் போடுங்கள். இடது பக்கம் போட்டால் வலதும் சேர்ந்து அடித்தால், மீட்டரில் இருக்கும் ஒற்றை இண்டிகேட்டர் விளக்கு வழியாகக் கரண்ட் அந்தப் பக்கம் தாவுகிறது. இரண்டு டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) போட்டால் நின்றுவிடும்.

பள்ளத்தில் இறங்கினால் பின்னால் 'சர்ர்' என்று உரசுகிறது

சீட்டுக்காகப் பின் ஃபிரேமை வெட்டி வளையம் வைத்தோம், அல்லது குட்டையான ஷாக் அப்சார்பர் போட்டோம். டயர் மேலே வர இடமில்லை. அழகுக்காக விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயம் இது. இரண்டு ஷாக்கையும் கழற்றி, ஷாக் முழுதாக அமுங்கினால் சக்கரம் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு உயர்த்திப் பிடித்துப் பாருங்கள். அப்போதும் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். ஷாக் மாட்டும் இடத்துக்கு முன்னால் ஃபிரேமை வெட்டவே கூடாது. வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் ரெகுலேட்டரையும் கழற்றிவிடுங்கள்.

ஹேண்டில் ஆடுகிறது, அல்லது நேரே போக மறுக்கிறது

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் ஸ்டீயரிங் குண்டுகள் தேய்ந்துவிட்டன. கூம்பு பேரிங் செட் போடுங்கள். பிறகு ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், புஷ் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2000-க்கு முந்தைய டயரில் மூன்று இலக்கம்தான். அப்படி ஒரு டயர் மாட்டியிருந்தால், மேல்தடம் எவ்வளவு இருந்தாலும் கழற்றி வீசுங்கள்.

இவை சரியாக இருந்தும் ஆடினால், முன் ஃபோர்க்கை எவ்வளவு இறக்கினீர்கள், பின் ஷாக்கை எவ்வளவு உயர்த்தினீர்கள் என்று பாருங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஃபோர்க் செங்குத்தாகி, வண்டி பதற்றமாகிவிடும். பழைய உயரத்துக்கே போய் அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கிளிப்-ஆன் போட்டபின் முழுதாகத் திருப்பினால் கட்டைவிரல் டேங்குக்கும் பிடிக்கும் நடுவில் மாட்டுகிறதா என்பதையும் நின்ற இடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பிடிக்கிறது, ஆனால் நிற்கவில்லை

முன் டிரம்மில் இரண்டு லிவர் இருக்கும், நடுவில் ஒரு கம்பி. இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் டிரம்மைத் தொட அந்தக் கம்பியின் நீளம் சரியாக இருக்க வேண்டும். சக்கரத்தைப் பிரித்துப் பெயின்ட் அடித்தவர்கள் இதை மாற்றிவைத்திருப்பார்கள். ரியர்செட் (பின்னுக்குத் தள்ளிய கால் மிதிகள்) போட்டவர்கள், பிரேக்கை அழுத்தும்போது பின் டிரம் லிவருக்கும் கம்பிக்கும் நடுவில் கோணம் 90 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் காலில் எவ்வளவு பலம் கொடுத்தாலும் வீண். பழைய பிரேக் லைட் சுவிட்சின் ஸ்பிரிங் புது மிதியோடு சேராது. பின்னால் வருகிறவருக்கு அந்தச் சிவப்பு விளக்கு தெரிந்தே ஆக வேண்டும்.

ஆர்எக்ஸ்100-இல் செய்தேன், இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது

தமிழ்நாட்டில் பலருக்குக் கையில் கிடைக்கும் பழைய ஜப்பான் வண்டி யமஹா ஆர்எக்ஸ்100-தான். 1985 முதல் 1996 வரை வந்த 98 சிசி டூ-ஸ்ட்ரோக். இதில் பெட்ரோல் குறைந்தால் மன்னிப்பே கிடையாது, ஏனென்றால் பெட்ரோலோடு சேர்ந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. ஏர் ஃபில்டர் டப்பாவைத் தூக்கிவிட்டு, மெயின் ஜெட்டை ஏற்றாமல் நெடுஞ்சாலையில் முழு ஆக்சிலேட்டரில் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பக்க மூடியோடு எண்ணெய் டேங்கையும் எடுத்தவர்கள் பம்ப்பை அடைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் பெட்ரோலிலேயே டூ-டி எண்ணெய் கலந்தாக வேண்டும். ஒரு முறை மறந்தாலும் சிலிண்டர் போய்விடும். சைலன்சரைக் குட்டையாக வெட்டினால் இழுவை போகும். அதன் வயிறு பெருத்த வடிவம்தான் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, புதுக் கலவை வெளியே ஓடாமல் தடுக்கிறது.

இந்தியாவில் செய்கிறவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் படித்துவிட்டு வெட்டும் மெஷினை எடுங்கள். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாற்றுவதை அது கட்டுப்படுத்துகிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஃபிரேமை வெட்டாமல் சீட், ஹேண்டில், பெயின்ட் என்று போல்ட்டில் கழன்று வரும் வேலையாகச் செய்தால் திரும்பப் பொருத்துவதாவது சுலபம்.

முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு மேலே 'டிக் டிக்' சத்தம்

சிபி350-க்குத் திரும்புகிறேன். எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டு, ஒரு இரவு முழுக்க இன்ஜினை ஆறவிடுங்கள். காலையில், கை வைத்தால் ஜில்லென்று இருக்கும்போது டேப்பெட் (வால்வு) இடைவெளி பாருங்கள்: இன்டேக் 0.05 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.10. ஃபீலர் தகடு லேசான இழுப்போடு வெளியே வர வேண்டும். கொஞ்சம் சத்தம் இருந்தால் இருக்கட்டும். சத்தத்தை அடக்க இறுக்கினால் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். கையோடு இன்ஜின் மவுண்ட், கிளிப்-ஆன், ரியர்செட் போல்ட்டுகளையும் ஒரு சுற்று முறுக்கிவிடுங்கள். என் வண்டியில் அன்றைக்கு மூன்று தளர்ந்திருந்தன.